கோடையில் தளிர்க்கும் மரம்

பங்குனி பிறந்து பத்து நாள் சென்றபின், கல்கத்தாவில் நாம் குடியிருக்கும் தெருவில் நின்று சற்றே அண்ணாந்து பார்ப்போமாயின், ஒரு புதுமை கண்ணில் படும். துர்க்கை பூஜையை ஒட்டி விடைபெற்றுப் போன மழை அதன்பின் திரும்பி வரவில்லை. ஐந்து மாதமாக வானம் ஈந்தது சில தூறல்களே. ஏரிக்கரைப் புல் பழுப்பேறிவிட்டது. குழாயடியில் வரிசை நீண்டுவிட்டது. ஆயினும், இலையெல்லாம் உதிர்த்து எலும்புக்கூடு போல் நின்ற அரசமரம் ஒரு வாரத்திற்குள் செந்தளிர் போர்த்து நிற்கிறது. புங்கமரம் மெழுகு பூசினாற்போன்ற இளம்பச்சை இலைகளோடு மின்னுகிறது. வேம்பு துளிர்த்துப் பூக்கவும் தொடங்கிவிடுகிறது. வங்காள வீடுகளில் வேப்பங்கொழுந்தைக் கத்தரிக்காயோடு வறுத்து உண்பதும், நம் வீடுகளில் வருடப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி வைப்பதும் இந்தத் தளிர்ப்பை ஒட்டி வந்த வழக்கங்களே. 'காலவைசாகி' என்னும் கோடைப் புயல் தன் மழையைக் கொட்டுமுன்பே இவையெல்லாம் நிகழ்ந்துவிடுகின்றன. மழை பெய்யாத நாளில் மரத்திற்கு மட்டும் நீர் எங்கிருந்து வந்தது?

தமிழகத்தை விட்டு இங்கு வந்து வாழும் நமக்கு இந்தக் கேள்வியில் தனிப்பட்ட உரிமை ஒன்று உண்டு. ஏனெனில், நாம் இரண்டு மழைக்காலங்களைக் கண்டவர்கள். கல்கத்தாவில் ஆண்டுக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பொழிந்து தீர்ந்துவிடும். சென்னையில் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வருவது. அங்கே கார்த்திகை அடைமழையில் குடையின்றி வெளியேற முடியாது. இங்கே கார்த்திகையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். இவ்விரு ஊர்களின் மழைக் கணக்கு இவ்வளவு வேறுபட்டிருந்தும், வேப்பமரம் மட்டும் இரண்டு இடத்திலும் மாசியில் இலை உதிர்த்துப் பங்குனியில் துளிர்க்கிறது. மழைதான் மரத்தைத் துளிர்க்கச் செய்கிறது என்றால், இரண்டு ஊர் வேம்புக்கும் ஒரே பஞ்சாங்கம் இருப்பானேன்? இதனை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் இதற்கே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

(2001ஆம் ஆண்டு முதல் இந்நகரின் பெயர் கொல்கத்தா என்று எழுதப்படுகிறது. லேக் மார்க்கெட்டில் வாழையிலை பேரம் பேசும் நம்மவர் வாயில் அது இன்றும் கல்கத்தாவே. பழங்கதை பேசுவதால் நாமும் அவ்வாறே வழங்குகிறோம்.)

மரம் நீரைக் கையாளும் வகையைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்நகருக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் தொடக்கத்தில் நம் சோழமண்டலக் கரையும் வந்து சேர்கிறது. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், சிப்பூரில், 1787ஆம் ஆண்டு இராபர்ட் கிட் என்னும் படையதிகாரி ஒரு தாவரத் தோட்டத்தை நிறுவினார். 1793ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அதன் தலைவராக வந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். இவர் இளவயதில் சென்னைக் கோட்டை மருத்துவமனையில் உதவி மருத்துவராகப் பணியாற்றியவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, காற்றின் திசையையும் வெப்பத்தையும் மழையையும் நாள்தோறும் குறித்து வந்தார். அந்த நாட்குறிப்பு 1778ஆம் ஆண்டிலேயே இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. பின்னர், கோதாவரிக் கரையை அடுத்த சாமல்கோட்டையில் அவர் இருந்தபோது, 1789 தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேலாக மழை பொய்த்தது. மக்கள் ஈசல்கள் போல் மடிந்ததை அவர் கண்ணாரக் கண்டார். புல்லும் பயிரும் கருகிய அந்நிலத்தில் சில மரங்கள் மட்டும் நின்று பிழைத்ததையும் கண்டார். தென்னை, பனை, பலா முதலியவற்றை வரப்பிலும் கரையிலும் நட்டு வைத்தால் பஞ்சகாலத்தில் ஒரு வாயாவது நிறையும் என்று அரசாங்கத்தாரை வற்புறுத்தினார். பயிருக்கும் மரத்திற்கும் தாகம் ஒன்றன்று என்பதைப் பஞ்சம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

கல்கத்தாவிற்கு வந்தபின் ராக்ஸ்பர்க் செய்த தொண்டு வேறு வகையினது. ஒவ்வொரு மரத்திற்கும் பெயரும் குலமும் குறிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. இன்ன மரம் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும், இன்னது வெயில் தொடக்கத்தில் பூக்கும், இன்னதற்குப் பூவோடு புதிய இலையும் வரும் என்று பருவத்தையும் எழுதி வைத்தார். வங்காளத்தின் மேற்கு எல்லைக் காடுகளை ஆளும் சால மரத்திற்கு அறிவியற் பெயர் சூட்டியவரும் அவரே. 1813ஆம் ஆண்டில் உடல் நலிந்து இந்தியாவை விட்டுச் சென்றார். அவர் எழுதியவற்றைத் தொகுத்துப் படித்தால், நம் நாட்டு மரங்களுள் பல வறண்ட காலத்தில் உறங்குவதில்லை, வேலை செய்கின்றன என்பது புலனாகும். ஆனால் எப்படி என்ற கேள்விக்கு அக்காலத்தில் விடையில்லை.

கேள்வியின் கடுமையை நாம் எளிதில் உணரலாம். ஊரில் கமலை இறைத்ததை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். 30 அடி ஆழத்திலிருந்து ஒரு சால் தண்ணீரை மேலே கொண்டுவர இரண்டு மாடுகளும் ஓர் ஆளும் வேண்டும். அடிபம்பு வைத்தவர்களுக்கு வேறொரு சங்கதி தெரியும்: நீர்மட்டம் 25 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் சாதாரணக் கைப்பம்பு காற்றைத்தான் இழுக்கும். எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும், உறிஞ்சும் வகையால் 34 அடிக்கு மேல் நீரை ஏற்ற இயலாது; காற்றின் அழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தூண் அவ்வளவே. அரசும் ஆலும் 60 அடி, 80 அடி உயர்கின்றன. மாடு இல்லை, ஆள் இல்லை, ஓசையும் இல்லை. ஆனாலும் நடுப்பகலில் உச்சிக் கிளையின் கடைசி இலைக்கும் நீர் போய்ச் சேருகிறது.

அவ்வாறு போய்ச் சேரும் நீரை இலை என்ன செய்கிறது என்பதை முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். சூரியகாந்திச் செடியொன்றைத் தொட்டியோடு நாள்தோறும் நிறுத்துப் பார்த்து, அது காற்றில் விடும் நீராவியைக் கணக்கிட்டு 1727ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வேர் உறிஞ்சும் நீரில் 100க்கு 95 பங்குக்கு மேல் இலைத் துளைகளின் வழியே ஆவியாகிப் போய்விடுகிறது என்பது இன்றைய கணக்கு. ஊதாரித்தனம் என்று தோன்றும். ஆயினும் மரத்திற்கு வேறு வழியில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்ள இலை தன் துளைகளைத் திறந்தே ஆகவேண்டும். திறந்தால் நீர் வெளியேறும். உணவு வேண்டுமானால் நீரை இழக்க வேண்டும் என்பதே பேரம்.

1891ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் என்னும் பேராசிரியர் ஒரு கொடிய சோதனை செய்தார். உயர்ந்து வளர்ந்த மரங்களை அடியில் அறுத்து, அறுத்த முனையை நச்சு நீரில் நிறுத்தினார். நஞ்சு மேலேறி, வழியிலிருந்த உயிரணுக்களைக் கொன்றது. அணுக்கள் செத்தபின்னும், இலைகள் அழியும் வரையில் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. எனவே தண்டிலுள்ள உயிரணுக்கள் நீரை ஏற்றுவதில்லை என்று அவர் முடிவு செய்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் டப்ளின் நகரில் டிக்ஸன், ஜோலி என்ற இருவர் விடையொன்றை மொழிந்தனர். மரத்தின் குழாய்கள் மயிரினும் நுண்ணியவை. அவற்றுள் நீரணுக்கள் ஒன்றையொன்று விடாது பற்றிக்கொண்டு, வேர்நுனி முதல் இலை வரை ஒரே சரமாக நிற்கின்றன. வெயிலும் உலர்ந்த காற்றும் இலையிலிருந்து ஒரு துளியை ஆவியாக்கும்போது, சரம் முழுவதும் மேலே இழுபடுகிறது. நீரைக் கீழிருந்து யாரும் தள்ளுவதில்லை. மேலிருந்து சூரியன் இழுக்கிறான். நீர் ஒரு கயிறு போல் இழுவிசை தாங்கும் என்பதைப் பலரும் நம்பவில்லை. தண்ணீரைக் கயிறாகத் திரிக்க முடியுமா என்று நாமும் கேட்டிருப்போம்.

நம்பாதவர்களுள் தலையாயவர் கல்கத்தாவில் இருந்தார். ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இப்போது வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தவர். நம் பாரதியார் தம் கட்டுரைகளில் 'வசு' என்று போற்றியது இவரையே. பிரசிடென்ஸிக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து, கம்பியில்லாத் தந்தி அலைகளை ஆராய்ந்து பெயர் பெற்றபின், தம் கருவிகளையெல்லாம் செடிகளின் பக்கம் திருப்பினார். 1917ஆம் ஆண்டு, தம் பிறந்த நாளன்று, மேல் சர்க்குலர் சாலையில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அந்தச் சாலைக்கு இன்று ஆசாரிய பிரபுல்ல சந்திரர் பெயர் வழங்குகிறது. சற்றுத் தொலைவில், பௌ பஜாரிலுள்ள விஞ்ஞானக் கழகத்தில் அதே ஆண்டுகளில் நம் திருச்சிராப்பள்ளி இராமன் ஒளியோடு போராடிக்கொண்டிருந்தார். அந்நாளைய கல்கத்தாவின் செல்வம் அத்தகையது.

போஸின் கருவிகளைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சீமையிலிருந்து வந்தவை அல்ல அவை. உள்ளூர்க் கம்மியரைப் பழக்கி, அவர்கள் கையால் செய்வித்தவை. செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் நெம்புகோல்கள், புகை படிந்த கண்ணாடியில் தாமே புள்ளியிடும் எழுதுகோல்கள் ஆகியவற்றின் நுட்பத்தைக் கண்டு ஐரோப்பிய அறிஞர்கள் மலைத்தனர். நம்பாதவர்களும் இருந்தனர். 1920ஆம் ஆண்டு இலண்டனில் அறிஞர் குழுவொன்றின் முன் தம் கருவியை இயக்கிக் காட்டி அவர் ஐயம் தீர்த்தார். அவ்வாண்டே அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

இத்தகைய கையுடன் அவர் சாறு ஏறும் கேள்வியை எடுத்துக்கொண்டார். 'சாறு ஏறுதலின் உடலியல்' என்னும் பொருள்படும் அவர் நூல் 1923ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் மனத்தில் நின்ற உவமை தொழுகண்ணிச் செடி. நம் சித்த மருத்துவ நூல்களிலும் வரும் இச்செடியின் சிற்றிலைகள் இரண்டு, யாரும் தொடாமலே, ஓயாது ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியும் இத்துடிப்பு ஒரு செடிக்கு உண்டாயின், கண்ணுக்குத் தெரியாத துடிப்பு எல்லாச் செடிக்கும் ஏன் இருக்கக்கூடாது? மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் கண்ணாடியில் பொதிந்து, நுனி மட்டும் வெளியே தெரியுமாறு செய்து, அதனை ஒரு திருகினால் தண்டுக்குள் மயிரிழை மயிரிழையாகச் செலுத்தினார். மின்னோட்டமானி ஒவ்வோர் ஆழத்திலும் என்ன சொல்கிறது என்று பார்த்தார். தண்டின் புறணியில், உட்கோடியிலுள்ள ஓர் அணு அடுக்கை ஊசி எட்டியபோது மானி துடித்தது. அதுவே செடியின் இதயம்; அந்த அணுக்கள் விரிந்து சுருங்கி, ஒன்று மற்றொன்றுக்கு நீரைக் கைமாற்றி மேலே அனுப்புகின்றன என்று போஸ் கூறினார். இலையில் வாசலைன் பூசி ஆவி வெளியேறாமல் தடுத்தாலும் வாடிய செடி நீர் கண்டு நிமிர்ந்தது. நஞ்சு ஊட்டினால் துவண்டது. இவற்றையும் சான்றாகக் காட்டினார்.

கிராமத்தில் இதயம் தெருத்தெருவாகப் பரவிக் கிடப்பது போன்ற இக்கருத்து மிக அழகானது. உலகத்தின் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. நம் நாட்டாரும் கொண்டாடினர்; அடிமைப்பட்டிருந்த காலத்தில் நம்மவர் ஒருவர் ஐரோப்பாவின் முகத்துக்கு நேரே புதிதாக ஒன்றைச் சொன்ன பெருமையை நாம் குறைத்துப் பேசலாகாது. ஆனால் செடியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. மின்துடிப்பு இருக்கலாம், அதுவே இவ்வளவு நீரை இவ்வளவு விரைவாக மேலேற்றுகிறது என்பதைப் பிறர் சோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் அவர் காலமானபோதும் வழக்கு தீர்ந்தபாடில்லை.

தீர்ப்புச் சொன்ன சான்றுகள் அவர் மறைந்து ஒரு தலைமுறை சென்றபின் வந்தன. 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்த ஸ்கொலாண்டர் என்பவரும் அவர் தோழர்களும் கிளைகளை வெட்டி ஓர் இரும்புக் கூண்டில் வைத்து, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து, அறுத்த முனையில் நீர் எப்போது மீண்டும் தலைகாட்டுகிறது என்று அளந்தனர். எட்டாத உயரக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினராம். உள்ளிருந்த நீர் உண்மையிலேயே கயிறு போல் இழுபட்டு நின்றது தெரியவந்தது. எல்லாவற்றினும் கடுமையான இழுவை, பாலைவனச் செடிகளிலும் உப்பங்கழி மரங்களிலும் காணப்பட்டது.

உப்பங்கழி மரம் என்றதும் நமக்குச் சுந்தரவனம் நினைவுக்கு வரும். கல்கத்தாவிலிருந்து தெற்கே ஒரு பகல் தூரத்தில், நீரே உலகமாக இருக்கும் அக்காட்டில் தாகம் எப்படி என்று கேட்கத் தோன்றும். கடல்நீரிலிருந்து உப்பை விலக்கி நன்னீரை மட்டும் இழுப்பதற்குச் சுமார் 25 வளிமண்டலங்களின் அழுத்தத்திற்கு ஈடான விசை வேண்டும். அங்குள்ள மரங்கள் 30க்கும் மேற்பட்ட அளவில் இழுக்கின்றன. சுற்றிலும் வெள்ளம் இருந்தும் அவை வறட்சியில் வாழ்பவையே. வங்காளிகள் 'கேவா' என்று சொல்லும் மரம் அவற்றுள் ஒன்று. அது வேறெதுவும் இல்லை. சிதம்பரத்திற்குப் பெயர் தந்து, பிச்சாவரத்தில் இன்றும் நிற்கும் நம் தில்லை மரமே.

இழுபட்ட கயிறு அறுந்தும் போகும். 1966ஆம் ஆண்டில் மில்பர்ன், ஜான்ஸன் என்ற இருவர் ஆமணக்கு இலைக்காம்பில் அதிர்வறியும் கருவியொன்றைப் பொருத்தி, இலை வாடும்போது என்ன கேட்கிறது என்று ஒலிபெருக்கியில் காதுகொடுத்தனர். 'டிக், டிக்' என்ற ஓசை கேட்டது. நீர்ச்சரம் ஒவ்வொன்றாக அறுந்து, அக்குழாயில் காற்று புகும் ஓசை அது. செடிக்குக் குரல் உண்டு என்று ஆயுள் முழுவதும் சாதித்த போஸ் இதைக் கேட்க இல்லையே என்று நாம் ஏங்குகிறோம். அது அவர் எதிர்பார்த்த இதயத் துடிப்பு அன்று, தாகத்தின் ஓசை.

ஆகவே, சாறு ஏறும் வழக்கில் டப்ளின் வென்றது, கல்கத்தா தோற்றது. இதனை ஒளிக்க வேண்டியதில்லை. போஸ் சொன்னதெல்லாம் பிற்காலத்தில் மெய்யாயிற்று என்று மேடைகளில் முழங்குவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அளந்து பார்த்து நம்புவதே அவர் வாழ்ந்து காட்டிய நெறி. மறுபுறம், மரம் வெறும் திரி, எண்ணெய் ஏறுவது போல் நீர் ஏறுகிறது என்று நினைப்பதும் பிழை. செடியின் உடலில் மின்குறிகள் ஓடுகின்றன என்று அவர் கண்டது நிலைத்துவிட்டது. சூரியன் இழுப்பது மெய். எவ்வளவு இழுக்கவிடுவது, எப்போது கதவை மூடுவது என்று நிர்ணயிப்பவை உயிருள்ள அணுக்களே. இலைத் துளையின் இருபுறமும் காவலர்போல் நிற்கும் அணுக்கள் நடுப்பகலில் வாயிலைச் சாத்துகின்றன. அணுச் சவ்வில் நீருக்கென்றே தனி வாய்க்கால்கள் இருப்பதை பீட்டர் ஆக்ரே என்பவர் 1992ஆம் ஆண்டளவில் கண்டு, 2003ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். உயிர் நீரை ஆள்கிறது என்ற அளவில் போஸின் உள்ளுணர்வு வீண்போகவில்லை.

இனி நம் தெருவுக்குத் திரும்புவோம். மாசியில் காற்று உலர்ந்து, மண்ணின் மேல்பரப்பு வெடிக்கும்போது, இலை நிறைந்த மரத்தின் நீர்ச்சரங்கள் அறும் நிலைக்கு வந்துவிடுகின்றன. அப்போது மரம் செலவை நிறுத்துகிறது. காம்படியில் ஒரு தடுப்பை வளர்த்து, இலைகளை உதிர்த்துவிடுகிறது. இலை போனதும் ஆவி போவது நிற்கிறது. ஆனால் வேர் வேலையை நிறுத்துவதில்லை. சென்ற ஆண்டு மழை மண்ணுக்குள் ஆழ்ந்து இறங்கியிருக்கிறது அல்லவா? அந்த ஆழத்து ஈரத்தை வேர்கள் மெல்ல மெல்ல உறிஞ்ச, வற்றிய அடிமரம் உள்ளுக்குள் மீண்டும் நிரம்புகிறது. வெளியே மொட்டை, உள்ளே குடம் நிறைந்துகொண்டிருக்கிறது. அவ்வாறு நிரம்பியபின் குருத்துகள் திறக்கின்றன. அவற்றைத் திறக்கச் சொல்லும் மணி எது? பகல் நீளுவதே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஆசியப் பருவக்காற்றுக் காடுகள் வறண்ட காலத்தில் தளிர்க்கும் விந்தையை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையொன்றும் இதனையே வற்புறுத்துகிறது. சென்னையிலும் கல்கத்தாவிலும் மழைக்காலம் வேறு. மார்ச்சு மாதத்தில் பகல் நீள்வது இரண்டுக்கும் பொது. நம் வேப்பமரத்தின் பஞ்சாங்கம் மழைப் பஞ்சாங்கம் அன்று, சூரியப் பஞ்சாங்கம்.

மழைக்கு முன்பே இலையை விரிப்பதால் மரத்திற்கு என்ன ஆதாயம்? மழை தொடங்கும் நாளில் அதன் சமையற்கூடம் தயாராக நிற்கிறது. மழையோடு பெருகும் புழுக்கள் வருமுன் தளிர் முற்றி, கடிக்கக் கடினமாகிவிடுகிறது. ஆனால் எல்லா மரமும் இவ்வாறு துணிவதில்லை. தேக்கு எச்சரிக்கையுள்ள குடும்பஸ்தன். மழை வந்து மண் நனைந்த பின்னரே இலை விடும். இலவம் மொட்டையாக நின்றபடியே செம்பூக்களைச் சொரியும். பூவுக்கு வேண்டிய நீர் அடிமரத்தின் சேமிப்பிலிருந்து வருகிறது. பாங்குரா, புருலியா மாவட்டங்களின் சரளை மண்ணில் நிற்கும் சாலமரமோ பழைய இலையை உதிர்த்த சூட்டோடு புதிய இலையையும் பூவையும் விடுகிறது. சந்தால் மக்கள் பாஹா என்னும் பூத்திருநாளைக் கொண்டாடுவது அப்போதுதான். நம் சோழமண்டலக் கரையின் கோயிற்காடுகளில் இன்னொரு குலம் உண்டு. உலக்கைப் பாலை, வீரை முதலிய அவை இலை உதிர்ப்பதே இல்லை. தோல்போல் தடித்த சிற்றிலைகளை வைத்துக்கொண்டு, ஆறேழு மாத வெயிலைச் சிக்கனத்தால் கடக்கின்றன. வேனிலில் திரிந்த நிலத்திற்குப் பாலை என்ற மரத்தின் பெயரையே இட்ட நம் முன்னோர் இதனைக் கவனித்திருப்பார்கள் என்று நினைக்கிறோம்.

ஒரு மரத்தின் கணக்கு இது. காடு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், மரம் நீரைச் சேர்க்கிறதா, செலவழிக்கிறதா என்ற பழைய வழக்கு எழுகிறது. 1840களில் சென்னையில் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர், காடு அழிந்தால் மழை குறையும், ஊற்று வற்றும் என்று வாதாடினார். காட்டைக் காக்கும் சட்டங்களுக்கு அக்கருத்து ஊன்றுகோலாயிற்று. பின்வந்தோர் அதிலிருந்து, எந்த மரத்தை எங்கு நட்டாலும் நீர் பெருகும் என்று முடிவுகட்டிக்கொண்டனர். நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் அம்முடிவு சோதிக்கப்பட்டது. அருகருகே அமைந்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளை உதகை மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் சில ஆண்டுகள் அளந்து, 1972ஆம் ஆண்டில் ஒன்றின் புல்வெளியில் நீலத்தைலமரம் நட்டனர். முதற் பத்து ஆண்டுகளில் அதிலிருந்து ஓடிவந்த நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. இலை உதிர்க்காத அயல்நாட்டு மரம், பனிக்காலத்திலும் கோடையிலும் ஓயாமல் உறிஞ்சிற்று. கோடையில் ஓடையைக் காக்கும் புல்லும் சோலையும் இருந்த மலையில் அதனை நட்டது பெருந்தவறு என்றே நாம் கருதுகிறோம். அதனால் மரமே வேண்டாம் என்பதும் தவறு. இலை உதிர்க்கும் நம் மரம் வறண்ட மாதத்தில் சில வாரமாவது செலவை நிறுத்துகிறது. சருகும் வேரும் மண்ணைத் துளைத்து மழைநீரை ஆழத்திற்கு இறக்குகின்றன.

அந்த ஆழத்து நீரே பங்குனித் தளிருக்கு மூலதனம் என்று கண்டோம். கல்கத்தாவின் தெருக்களில் அதற்குத்தான் இடையூறு. மரத்தின் அடிவரை சிமெண்டுத் தளம் வந்துவிட்டது. ஆடியில் முழங்கால் அளவு நிற்கும் வெள்ளம் சாக்கடை வழியே ஓடுகிறதேயன்றி, வேர்க்காலில் இறங்க வழியில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதம் வந்த அம்பன் புயலில் இந்நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. வேரோடு சாய்ந்து கிடந்தவற்றுள் பலவற்றின் வேர்கள் தட்டுப்போல் பரந்திருந்தனவேயன்றி ஆழ்ந்திருக்கவில்லை. வீட்டு வாசலில் மரம் உள்ளவர்கள் அதைச் சுற்றி நான்கு முழமாவது மண்ணைத் திறந்து வைக்கும்படி நகராட்சியாரைக் கேட்பது பெரிய காரியம் அன்று.

அப்புயல் சிப்பூர்த் தோட்டத்தையும் விடவில்லை. ராக்ஸ்பர்க் இருந்த அத்தோட்டம் 2009ஆம் ஆண்டு முதல் ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள பெரிய ஆலமரத்தைப் பார்க்காத கல்கத்தாத் தமிழர் அரியர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் காளிகட்டத்திற்குப் பின் அங்கேதான் அழைத்துச் செல்கிறோம். 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களில் அது ஒடிந்தது. முறிந்த இடத்தில் காளான் புகுந்து அடிமரம் அழுகியது. சுமார் 50 அடி சுற்றளவுள்ள அந்த அடிமரத்தை 1925ஆம் ஆண்டில் வெட்டி அகற்றிவிட்டனர். போஸ் தம் நூலை வெளியிட்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. நடு இல்லாத அம்மரம் சாகவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள் தனித்தனியே மண்ணில் ஊன்றி, ஒவ்வொன்றும் தன் கிளைக்குத் தானே நீர் ஏற்றுகின்றன.

மாலையில் கதவடைக்குமுன் அங்கே போவோர், மரத்தின் வெளிவிளிம்பில் நின்று பார்க்கலாம். கிளையிலிருந்து புதிதாக இறங்கும் விழுதுகளைத் தோட்டக்காரர்கள் மண் நிரப்பிய மூங்கிற் குழாய்களுக்குள் விட்டுக் கட்டியிருப்பார்கள். வேனிற் காற்றில் நுனி உலர்ந்து போகாமல் அது தரையைத் தொட வேண்டும். தொட்டு ஊன்றிய பின் மூங்கிலை அவிழ்த்து அடுத்த விழுதுக்குக் கொண்டுபோகிறார்கள்.